முப்பத்தொன்பதும் மூன்று லட்சமும்

வெங்கடாபுரம், அம்பத்தூர்
11-1-1987

தம்பி அருள்தாசுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் எழுதியிருப்பாய். கஷ்டம் வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும். இங்கே நானும் அம்மாவும் கர்த்தர் புண்ணியத்தில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. கண் இப்போது இரண்டிலும் இல்லை. வாசலில் நிற்பது ஆளா ஆடா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறாள்.

சீஷெல்ஸ் தீவில் மிஷன் வானொலியில் அறிவிப்பாளர் வேலை என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பி.எஸ்ஸி. பௌதிகத்தில் மூன்று தடவை முட்டி மோதிவிட்டு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபாக்டரிக் கூரைகளுக்குத் தகடு மாட்டப் போனவன் நீ. உன் வாயில் வாழைப்பழம் ஒரு தடவைகூடப் பழமாக வந்ததில்லை. அந்த வாயை நம்பிக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்களாம்.

ஆனால் அம்மா நம்பிவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுக்கச் செய்தாள். பால் ஊற்றுகிற எல்லம்மாவிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் நம் அடுத்த வீட்டுக் கோதண்டம் வந்து மொட்டை மாடியில் கம்பி கட்டிக் கொடுத்தான். தினமும் மாலை ஆனால் அம்மா ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். எஸ்டேட்டில் வெல்டிங் ஓடுகிற நாளில் அதில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வருகிறது. நீ வந்தபாடில்லை. தெருவே கேலி செய்கிறது.

நம் ரேடியோவில் மீட்டர்தான் போட்டிருக்கிறது. கோதண்டம் கிலோஹெர்ட்ஸ் கேட்கிறான். இரண்டையும் எழுது.

வெயிலில் அலைய வேண்டாமாம். அது அம்மா சொன்னது.

ஞானசௌந்தரி, பி.எஸ்ஸி., பி.எட்.


மாஹே, சீஷெல்ஸ்
9-2-1987

அன்புள்ள அக்காவுக்கும், எப்போதும் நினைவில் இருக்கிற அம்மாவுக்கும் அருள் எழுதுவது.

உங்கள் கடிதம் பார்த்து மனம் நிறைந்தது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டுக்கு மீனும் தேங்காயும் இருக்கிறது. அம்மாவின் மிளகாய்த்தூள்தான் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஊசி தவறாமல் போடுகிறீர்களா? காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட விவரம்: 25 மீட்டர், 9,590 கிலோஹெர்ட்ஸ். நம்ம ஊர் நேரம் மாலை ஏழு மணி. நான் தினமும் வர மாட்டேன், முறை வைத்துத்தான். சில வாரம் வராமலே போகும். அதனால் அம்மாவை ரொம்ப நேரம் உட்கார வைக்க வேண்டாம். முதுகு வலிக்கும்.

இப்போது அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அருள்


வெங்கடாபுரம்
2-3-1987

அருள்தாசுக்கு,

சுகம் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சொல்லித் தருகிற பெண்களுக்குப் பத்து நிமிஷத்தில் புரிகிற ஒன்றை உனக்கு மறுபடி எழுதுகிறேன். அடுப்பிலிருந்து முகத்தில் அடிக்கிற அனல், சூரிய வெளிச்சம், அம்மாவின் நெஞ்சைப் படம் பிடித்த எக்ஸ்ரே, உன் வானொலி, எல்லாம் ஒரே இனத்து அலை. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுகிறது, நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். வித்தியாசம் நீளத்தில்தான். அலை நீளமாக இருந்தால் நொடிக்குக் குறைந்த தடவை துடிக்கும். குட்டையாக இருந்தால் அதிகத் தடவை துடிக்கும். ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தீரும். எக்ஸ்ரேயாக இருந்தாலும் சரி, சிலோன் ரேடியோவாக இருந்தாலும் சரி, நீளத்தையும் துடிப்பையும் பெருக்கினால் அந்த வேகம்தான் வர வேண்டும். அதாவது மீட்டரைக் கிலோஹெர்ட்ஸால் பெருக்கினால் மூன்று லட்சம். ஆண்டவரே வந்து கேட்டாலும் அது மாறாது.

நீ எழுதிய இருபத்தைந்தை ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறால் பெருக்கினேன். இரண்டு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது வருகிறது. மீதி அறுபதாயிரத்துச் சொச்சம் எங்கே போயிற்று? வழியில் மீன் தின்றுவிட்டதா?

சின்ன வயதில் ஐம்பது வரை எண்ணச் சொன்னால் முப்பத்தெட்டுக்குப் பிறகு நாற்பது என்று தாவுவாய். உன் கணுக்காலில் என் ஸ்கேல் எத்தனை தடவை விழுந்திருக்கும்! முப்பத்தொன்பது உன் வாயில் கடைசிவரை நுழையவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும், எண்ணுக்கும் உனக்கும் ஆகாது என்று.

அறிவிப்பாளன் என்றால் தன் நிலையத்து எண்ணைத் தினமும் நாலு தடவை சொல்ல வேண்டும். வளர்க்கிற கிளிகூடப் பிசகாமல் சொல்லும். உனக்குத் தெரியவில்லை. ஆகவே நீ அறிவிப்பாளன் இல்லை. அங்கே என்ன செய்கிறாய்? உண்மையை எழுது. அம்மாவுக்கு வாசிக்க மாட்டேன்.

ஞானசௌந்தரி


மாஹே
30-3-1987

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்விடம் சுகம். அவ்விடம் அம்மாவின் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

பிடித்துவிட்டீர்கள். நான் அறிவிப்பாளன் இல்லை. ஆன்டெனாக் கம்பம் ஏறுகிறவன். இங்கே கம்பங்களைக் கடலுக்குள்ளே பவளப்பாறை மேல் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து முழங்காலளவு நடந்து போவோம். மேலே ஏறி, கம்பியில் படிந்த உப்பைச் சுரண்டி, துரு பிடித்ததை மாற்றி, தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்ட ஏறுவேனே, அதைப் பார்த்துத்தான் நம் போதகர் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தார். அவரிடம் நான்தான் கெஞ்சிக் கேட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்றேன்.

குரல் பரீட்சையும் கொடுத்துப் பார்த்தேன். நாசரேத்துக்காரர் ஒருவர்தான் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறார். நான் ஒரு பத்தி வாசித்ததும், "தம்பி, உன் தமிழ் மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது" என்று சிரித்தார்.

புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரேடியோ ஆபீஸ்னா ஒன் சத்தம் வருமாடா?" என்று கேட்டாள். அப்போதே அவளுக்குப் பாதிப் பார்வை போயிருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த 9,590 சரியான எண்தான். எங்கள் வேலைக் கொட்டகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து என்பது நம் வீட்டு ரேடியோவில் முள் எப்போதும் நிற்கிற இடம். வீட்டு ஞாபகத்தில் எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடியும். வந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

அருள்


வெங்கடாபுரம்
20-4-1987

அருள்தாசுக்கு,

அம்மாவின் சர்க்கரை இருநூற்றுப் பத்து. உனக்கு அது போதும்.

உப்புச் சுரண்டுகிறாய். சரி, உன் தகுதிக்கு ஏற்ற வேலைதான். அதற்கு மூவாயிரம் கிலோமீட்டர் போயிருக்க வேண்டாம். நம் தெருத் தண்ணீர்க் குழாயிலேயே சுரண்டுகிற அளவுக்கு இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தில் என்னை வைத்துச் சிரிப்பார்கள்.

9,590-க்குச் சரியான மீட்டர் முப்பத்தொன்று. கோதண்டத்திடம் சொல்லி முள்ளை அங்கே நகர்த்தச் சொன்னேன். முதல் நாளே கிடைத்துவிட்டது. உன் நாசரேத்துக்காரர் அழகாகப் பேசுகிறார். தெருவில் எல்லோரும், "அருளு கொரலு எப்டி மாறிடுச்சு பாரு, ரேடியோல பேசினா அப்டித்தான்" என்று தலையை ஆட்டினார்கள். அம்மா மட்டும், "நான் பெத்தவன் கொரலு எனக்குத் தெரியாதா? இது வேற எவனோ. என் புள்ள எப்ப வருவான்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவன் முறை இன்னும் வரலை" என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, உன் பொய்க்கு வால் பிடிக்கிறேன். இதைவிடக் கேவலம் எனக்கு வந்ததில்லை.

கேசட்டில் பேசி அனுப்பலாமா என்று கேட்டுவிடாதே. அம்மா அதையும் யோசித்துவிட்டாள். "கேசட்டுன்னா எனக்கு மட்டும்தான். ரேடியோன்னா ஊருக்கே" என்கிறாள்.

வெளிச்சமும் இந்த இனத்து அலைதான் என்று எழுதினேன் இல்லையா? ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் துண்டு போட்டால் ஒரு துண்டு, அவ்வளவு குட்டை. அது அம்மாவின் கண்ணுக்கு வராமல் போய்ச் சில மாதம் ஆகிறது. உன் நிலையத்து அலை முப்பத்தொரு மீட்டர், நம் தெரு விளக்குக் கம்பத்தைப் போல நாலு மடங்கு. அவ்வளவு பெரியதில்கூட உன்னால் ஏறி வர முடியவில்லை. நீ ஏறினாய், போய்விட்டாய். நான் இங்கே காலையும் மாலையும் ஊசி போடுகிறேன்.

ஞானசௌந்தரி


மாஹே
15-5-1987

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முத்தங்கள். உங்களுக்கு என் வணக்கம். இங்கே காற்று மாறிவிட்டது, கடல் கொந்தளிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள்தான் கம்பத்துக்குப் போக முடிகிறது.

நீங்கள் எழுதிய பெருக்கலை வைத்து இங்கே ஒன்று செய்து பார்த்தேன். கோபிக்காமல் வாசியுங்கள். எங்கள் கம்பி அலையில் பாதி நீளம் இருக்க வேண்டும். 9,590-க்கு உங்கள் கணக்குப்படி அலை முப்பத்தொரு மீட்டர் இருபத்தெட்டு சென்டிமீட்டர். பாதி என்றால் பதினைந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த நீளத்துக்கு வெட்டினால் கம்பி ஒத்துழைக்காது. நூற்றுக்கு ஐந்து குறைத்து, பதினைந்துக்கும் உள்ளே வெட்ட வேண்டும். நுனியில் மின்சாரம் சட்டென்று நிற்காதாம், காற்றில் கொஞ்சம் வழியுமாம். அதனால் கம்பி தன் அளவைவிட நீளமாக நடந்துகொள்ளும் என்று இன்ஜினீயர் சொன்னார். நான் முதல் தடவை முழு நீளத்துக்கு வெட்டித் திட்டு வாங்கினேன். இப்போது அளக்காமலே கை சொல்லிவிடுகிறது.

புத்தகத்தில் இந்த ஐந்து இருக்கிறதா அக்கா? இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இங்கே இருக்கிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அருள்


வெங்கடாபுரம்
10-6-1987

அருள்தாசுக்கு,

அம்மா சுகம். நான் சுகம். நீயும் ரொம்பச் சுகமாகத்தான் இருக்கிறாய் போல, எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு.

மூன்று தடவை ஃபெயில் ஆனவன் இயற்கையின் விதியில் நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி கேட்கிறான். ஆடிக் கழிவா? என்னிடம் இருக்கிற மூன்று புத்தகத்திலும் பார்த்தேன். அப்படி ஒரு ஐந்து எங்கேயும் இல்லை. நீ ஏதோ கோணலாக வெட்டியிருப்பாய், இன்ஜினீயர் உன் மனம் நோகாமல் இருக்க ஒரு காரணம் சொல்லியிருப்பார். கம்பி ஏறுகிறவன் ஏறட்டும். கணக்கைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி எனக்கு எண் எழுதாதே. எழுதினால் பெருக்கிப் பார்ப்பேன். பெருக்கினால் நீ தாங்க மாட்டாய்.

ஞானசௌந்தரி


மாஹே
24-8-1987

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதாததற்கு மன்னிக்கவும். காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது தேவலை. அம்மா எப்படி இருக்கிறாள்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலிக்கு ஏதாவது பார்த்தீர்களா?

ஒரு நல்ல செய்தி. தபால் போகிற நேரம், சுருக்கமாக எழுதுகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை இங்கே அலையை மாற்றுவார்கள். செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, புது அலை. அன்றிலிருந்து நிகழ்ச்சி ஏழுக்கு இல்லை, மாலை ஆறரைக்கு. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால், நம்ம ஊர் நேரம் ஆறு இருபதுக்கு, சோதனை ஓட்டுவார்கள். யாராவது மைக்கில் எண்ண வேண்டும். "தமிழ் நேரம்தானே, இந்தத் தடவை நீ எண்ணு" என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். ஒன்றிலிருந்து ஐம்பது வரை. என் குரல் அக்கா, ரேடியோவில்!

எண்: 11,860. பன்னிரண்டு மீட்டர். மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், இந்த முறை தப்பாது.

அம்மாவிடம் இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் வெல்டிங் இருக்காது. தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அருள்


வெங்கடாபுரம்
14-9-1987

அருள்தாசுக்கு,

காய்ச்சல் தேவலை என்பதில் சந்தோஷம். காய்ச்சலோடுதான் போன கடிதத்தை எழுதினாய் போலிருக்கிறது.

எண் எழுதாதே என்று சொன்னேன். எழுதினாய். பெருக்கினேன். பதினோராயிரத்து எண்ணூற்று அறுபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து முன்னூற்று இருபது. மூன்று லட்சத்தில் பாதிகூட இல்லை. பிப்ரவரியில் சொன்ன பொய்யாவது முக்கால் பங்கு தேறியது. ஏழு மாதத்தில் பொய் சொல்வதில்கூடத் தேய்ந்துவிட்டாய்.

ரேடியோவில் ஒருவன் உட்கார்ந்து ஒன்று இரண்டு எண்ணுவானாம், அதை நாங்கள் கேட்க வேண்டுமாம். பொய்யை ஒப்புக்கொண்டு அழுதவன் மறுபடியும் அம்மாவின் காதில் பூ வைக்க வருகிறாய். கண் தெரியாதவளை உட்கார வைத்து, இரைச்சலைக் கேட்க வைத்து, "கேட்டுதா, கேட்டுதா" என்று நான் நடிக்க வேண்டும். முடியாது.

கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அந்த ஞாயிறு எனக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். போய்விடுவேன். ரேடியோ முள்ளையும் முப்பத்தொன்றிலிருந்து எடுத்துப் பழையபடி இருபத்தைந்துக்கே தள்ளிவிட்டேன். உன் முதல் பொய் நின்ற இடத்திலேயே அது கிடக்கட்டும்.

ஞானசௌந்தரி


வெங்கடாபுரம்
29-9-87

அண்ணாத்தே அருளுக்கு கோதண்டம் எழுதறது. நல்லா கீறியா? அம்மா சொல்லச் சொல்ல அப்டியே எழுதச் சொல்லிச்சு. ஒரு வார்த்த மாத்தல. இனிமே அம்மா பேசுது.

நைனா, எப்டி கீறே? ஜொரம் உட்டுச்சா? நான் நல்லாத்தான் கீறேன். உங்கக்கா ஸ்கூலுக்குப் போய்கீறா. அவளுக்குத் தெரியாம எழுதச் சொல்றேன்.

ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் அவ சங்கத்துக்குப் போய்ட்டா. நான் சும்மா ரேடியோவப் போட்டு மெல்லமா திருகிக்கினு இருந்தேன். எஸ்டேட்டு லீவு, கொரகொரப்பு இல்ல. திடீர்னு நீ வந்துட்டே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்றே. இன்னாடா இவன், பாட்டு இல்ல, செய்தி இல்ல, பள்ளிக்கூடத்துப் புள்ள மாரி எண்ணிக்கினு கீறான்னு நெனச்சேன். ஆனா திருகுலேந்து கைய எடுக்கல. எடுத்தா நீ போய்டுவியோன்னு பயம். அம்பது வரிக்கும் கேட்டேன். அப்பால அந்தப் பெரிய மனுசன் வந்து பேச ஆரம்பிச்சிட்டாரு.

உங்கக்கா வந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். அவளுக்கு வந்துச்சே கோவம். "கண்ணுதான் போச்சுன்னு இருந்தேன், புத்தியும் போச்சா? ரேடியோவில எவனாவது நம்பர் எண்ணுவானா? ஒன் புள்ள அங்க பேசுறவன் இல்ல. கம்பம் ஏறுறவன். உப்பு சொரண்டுறவன்"னு எல்லாத்தையும் கொட்டிட்டா. நான் "முப்பத்தெட்டுக்கு அப்பால நாப்பதுன்னான்டி"ன்னு மட்டும் சொன்னேன்.

சமையக்கட்டுல டம்ளர் உழுந்து உருண்டுச்சு. அத அவ எடுக்கவே இல்ல. காலைல என் காலுல பட்டு நான்தான் எடுத்து வெச்சேன்.

கம்பம் ஏறுறது ஒண்ணும் கேவலம் இல்ல நைனா. பாத்து ஏறு. ஈரக் காலோட ஏறாத.

அம்மா பேசினது முடிஞ்சுது. அண்ணாத்தே, ஒன் கொரல நான் கேக்கல, கடைல இருந்தேன். ஆனா வந்து பாத்தேன், முள்ளு இருபத்தஞ்சுல கீது. யாரும் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லிகீது.

கோதண்டம்


மாஹே
3-10-1987

அக்காவுக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

செப்டம்பர் 14 தேதியிட்ட கடிதம் இன்று கிடைத்தது. 27-ஆம் தேதி எண்ணினேன். வீட்டில் நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ரேடியோவே போட்டிருக்க மாட்டீர்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். பரவாயில்லை.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது என்று சொல்லியிருந்தேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே நான் சொல்வதை நம்புகிறார்கள்.

இனி உங்களுக்கு எண் எழுத மாட்டேன். அம்மாவுக்கு ஊசி போடுவதற்கு நன்றி.

அருள்தாஸ்


வெங்கடாபுரம்
25-10-1987

அருளுக்கு,

அம்மாவின் சர்க்கரை நூற்று எண்பது. பல மாதத்துக்குப் பிறகு குறைந்திருக்கிறது. டாக்டர் மருந்தைப் புகழ்கிறார். எனக்குக் காரணம் தெரியும். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அம்மா உனக்குக் கோதண்டத்தை வைத்து எழுதிவிட்டாளாம். அவன் வாயில் எது நிற்கும்? எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறு நான் அம்மாவிடம் பேசியதாக அவள் சொன்னது எல்லாம் உண்மை. டம்ளரும் உண்மை. முப்பத்தொன்பதைத் தின்கிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். அவனை அடித்து வளர்த்தது நான். அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அன்றிரவு முழுதும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண் தெரியாதவளிடம் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவு புத்திசாலி நான்.

மறுநாள் பத்தாம் வகுப்பில் உன் எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். யாருடையது என்று சொல்லவில்லை. "டீச்சர், கணக்கு தப்பு, மூன்று லட்சம் வரலை" என்று நாற்பது பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே திருப்பிச் சொன்னார்கள். அவர்களுடைய அலட்சியத்தில் என் குரல் அப்படியே கேட்டது. நன்றாக இல்லை.

பிறகு, பன்னிரண்டு பாதி அலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பாக்குங்கள் என்றேன். இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று லட்சத்துக்குக் குறைவது எவ்வளவு என்றேன். பதினைந்தாயிரத்து முன்னூற்று அறுபது. நூற்றுக்கு எவ்வளவு? "ஐந்து டீச்சர், ஐந்துக்கு ஒரு இழை கூட." நீ மே மாதம் எழுதி, நான் ஆடிக் கழிவு என்று கிண்டல் செய்த அதே ஐந்து. நீ எழுதியது அலையின் நீளம் இல்லை, நீ வெட்டிய கம்பியின் நீளம். ஒரு வார்த்தை, 'கம்பி' என்று சேர்த்து எழுதியிருக்கலாம். முட்டாள். ஆனால் படித்த முட்டாள் நான்தான். இத்தனை வருஷமாக இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறேன், ஒரு முழம் கம்பி வெட்டிப் பார்த்ததில்லை.

11,860-க்கு உண்மையான அலை இருபத்தைந்து மீட்டர். உன்னை இளக்காரம் செய்வதற்காக நான் முள்ளைத் தள்ளி வைத்த இடம். என் கெட்ட எண்ணத்தில் அம்மாவுக்கு நல்லது நடந்திருக்கிறது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

கம்பம் ஏறுகிறாய் என்று இப்போது தெரு முழுக்கத் தெரியும். நானே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அம்மா எல்லம்மாவிடம், "கடலுக்கு நடுவுல ஏறுறான், அவன் ஏறலேன்னா அந்த நாசரேத்துக்காரரு வாய் இங்க வந்து சேருமா?" என்று கேட்கிறாள். பௌதிகப்படி அது சரி.

மன்னிப்பு என்று எழுத எனக்குக் கை வராது. நீயும் காத்திருக்காதே. இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா. ஆனால் மார்ச்சில் மறுபடி அலை மாற்றுவார்கள் அல்லவா, அன்றைக்கும் எண்ணு. இன்ஜினீயர் காலைப் பிடித்தாவது எண்ணு. தேதியையும் நேரத்தையும் எழுது. கம்பி நீளத்தை மட்டும் எழுதினால் போதும், மற்றதை நான் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்குச் சங்கக் கூட்டத்துக்குப் போக மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். வெளிநாடு போய்ப் புத்தி வந்துவிட்டது என்று முப்பத்தொன்பதைச் சொல்லித் தொலைக்காதே. சொன்னால் அது நீ இல்லை என்று அம்மா ரேடியோவை நிறுத்திவிடுவாள்.

அக்கா